கறுப்புக் கோட்டில் ஒரு கடி

காலை ஒன்பதரை மணிக்கு வந்த பெண், உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு செய்தித்தாளையும் உள்ளங்கை அளவு உலோகத் தகடு ஒன்றையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இந்த ஆள் திருடன். சாயங்காலம் நாலு மணிக்குள்ள அதை நிரூபிக்கணும்," என்றாள்.

"திருடனைப் பிடிக்க நேரம் குறிச்சுக்கிட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்," என்றான் வால்.

வாலுக்கு வயது முப்பத்து நாலு. மூன்று வேலைகளிலிருந்து தன் வாயாலேயே வெளியேறியவன். அண்ணன் மனைவி நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டு, அவள் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனதால் அந்தப் பெயர். அவன் அவளை அண்ணி என்று கூப்பிட, வருகிறவர்கள் எல்லோரும் அப்படியே பழகிவிட்டார்கள். இப்போது போலீஸ் இன்ஸ்பெக்டர்கூடத் தொலைபேசியில் "அண்ணி இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார். அண்ணி தடுக்கவில்லை. பொதுவாகவே அவளுக்கு மனிதர்கள்மேல் பெரிய மரியாதை கிடையாது. அவர்கள் தன்னை எப்படிக் கூப்பிட்டால் என்ன என்று விட்டுவிட்டாள்.

செய்தித்தாளில் அரைப் பக்கத்துக்கு ஒரு தாடி. ஊருக்கே 'மாஸ்டர்' என்று தெரிந்த புகைப்படக்காரர். பக்கத்தில் அவருடைய படம் ஒன்று: ஏதோ ஆலையின் பின்பக்கப் படிக்கட்டில் பெண்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் தோளில் வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். படத்தைச் சுற்றி விரல் நகத்தின் அகலத்துக்குக் கறுப்பு ஓரம்.

அண்ணி பேட்டியை உரக்கப் படித்தாள்.

"'இந்தக் கறுப்பு ஓரம் என் சத்தியம். மயிரிழைகூட வெட்டாமல், நான் கண்ட முழுக் காட்சியையும் உங்களுக்குத் தருகிறேன் என்பதற்கு அதுவே சாட்சி.' பேட்டி எடுத்தவன் இதைக் கேட்டு அழுதிருப்பான்."

"எங்க அப்பா அவர் ஸ்டுடியோவில பதினோரு வருஷம் இருந்தார்," என்றாள் வந்தவள். கல்லூரி ஒன்றில் நூலகராக இருப்பவள். "பிலிம் கழுவுறது, பிரிண்ட் போடுறது எல்லாம் அப்பாதான். நாலு மாசம் முன்னாடி ஆஸ்பத்திரியில இருக்கும்போதுதான் இந்தப் படம் முதல் தடவையா பேப்பர்ல வந்துச்சு. பக்கத்துப் படுக்கைக்காரர்கிட்ட அதைக் காட்டி, 'இது எங்க வீட்ல எடுத்தது'ன்னு அப்பா சொன்னார். என் காதால கேட்டேன். மூணாம் நாள் போயிட்டார்."

"உங்க வீட்ல இவ்வளவு பெரிய படிக்கட்டா? ஒரு லிஃப்ட் வெச்சிருக்கலாமே," என்றான் வால்.

அவள் சிரிக்கவில்லை. "அது துணி தைக்கிற ஆலை. அம்மா அங்க பதினெட்டு வருஷம் பொத்தான் தைச்சாங்க. அப்பா சாயங்காலம் அம்மாவைக் கூட்டிட்டு வரப் போவார். அப்போ எடுத்திருப்பார். எங்க குடும்பத்துப் படம்னு சொல்ல வந்திருக்கார், மருந்து மயக்கத்துல வார்த்தை மாறிடுச்சு."

"உங்க அம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மாவை இதுல இழுக்க வேண்டாம். அவங்களுக்குக் கேமரா தெரியாது, டார்க்ரூம் தெரியாது. பொத்தான்தான் தெரியும்."

அண்ணி அவளை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டுத் தகட்டைக் கையில் எடுத்தாள். நடுவில் செவ்வக ஜன்னல். ஜன்னலின் விளிம்பு நேராக இல்லை. அங்கங்கே ஏறி இறங்கியது. ஒரு மூலையில் பல் மாதிரி சின்னத் துருத்தல் ஒன்று.

"அப்பாவோட பெட்டியில மிஞ்சினது இதுதான். மத்ததெல்லாம் ஸ்டுடியோ சாமான்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க. இது எதுக்குன்னு எனக்குத் தெரியல."

"இதுதான் அந்தத் தாடிக்காரரோட சத்தியம்," என்றாள் அண்ணி. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் பாஸ்போர்ட் போட்டோ கடையின் இருட்டறையில் வேலை பார்த்தவள் அவள். "படத்தைப் பெரிசு பண்ணிக் காகிதத்துல விழ வைக்கிற என்லார்ஜர்ல நெகட்டிவைப் பிடிச்சுக்கிற தகடு. கடையில வாங்கும்போது ஜன்னல் கொஞ்சம் சின்னதா இருக்கும், படத்தோட நாலு ஓரமும் மறைஞ்சுடும். அரம் வெச்சு ஜன்னலை ராவிப் பெரிசாக்கினா, படத்தைச் சுத்தி இருக்கிற வெறும் பிலிம் வழியா வெளிச்சம் முழுசா இறங்கும். வெளிச்சம் இறங்கின இடம் காகிதத்துல கன்னங்கரேல்னு ஆயிடும். அவ்வளவுதான் கறுப்பு ஓரம்."

"அரம் சறுக்கினா?"

"சறுக்கினது சறுக்கின மாதிரியே பிரிண்ட்ல விழும். ஒருத்தர் ராவின தகடு மாதிரி இன்னொண்ணு இருக்காது."

நூலகரின் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. "நாலு மணிக்கு அருங்காட்சியகக் காப்பாளர் கையெழுத்துப் போடுறார். பன்னிரண்டு படமும் அவங்க வசம் போயிடும். அப்புறம் அது என்னைக்கும் அந்த ஆள் பேர்லதான். பேட்டியில எங்க அப்பாவைப் பத்திக் கேட்டதுக்கு என்ன சொல்லியிருக்கார் பாருங்க. 'தொட்டியில் காகிதம் அலசிக்கொண்டிருந்த ஒருவர்.'"

அண்ணி எழுந்து கைப்பையை எடுத்தாள். "கிளம்பலாம். இவ்வளவு கர்வத்தைக் கிட்டத்துல பாத்து நாளாச்சு."

*

கண்காட்சிக் கூடத்தில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒல்லியான காப்பாளர் ஒரு மூலையில் தன் உரையை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் கூடத்தின் நடுவில், தன்னைத் தானே திறந்துவைக்கப் போகிறவர் மாதிரி நின்றிருந்தார்.

"துப்பறியும் பெண்மணியா?" என்றார், அண்ணி சொன்னதைக் கேட்டு. "நல்லது. கலையைத் துப்பறிய முடியாது, ஆனாலும் பாரும்மா."

அண்ணி பார்த்தாள். இடது சுவரில் மாஸ்டரின் பழைய படங்கள்: மலைகள், கப்பல்கள், யாரோ பெரிய மனிதர்களின் மூக்குகள். நடுச் சுவரில் ஆலைப் பெண்கள், பன்னிரண்டு. வலது சுவரில் கடந்த நாலு மாதத்தில் எடுத்தவை. எல்லாவற்றுக்கும் கறுப்பு ஓரம்.

வலது சுவரின் முன்னால் நின்றாள். "இதெல்லாம் நீங்களே பிரிண்ட் போட்டதா?"

"என் கையால்."

"தெரியுது. ஸ்கேல் வெச்சுச் சத்தியம் பண்ணியிருக்கீங்க. படத்தைக் கறுப்பு அட்டையால மூடிட்டு, ஓரத்துக்கு மட்டும் ரெண்டாவது தடவை வெளிச்சம் காட்டியிருக்கீங்க. அட்டை நகர்ந்துடுச்சு. கறுப்புக்கும் படத்துக்கும் நடுவுல வெள்ளைக் கீறல் பாருங்க. முழு நெகட்டிவும் இருக்குன்னு சாட்சி சொல்ல வேண்டிய கோடு, தனியா வந்து ஒட்டிக்கிச்சு."

"வாடகைக்கு வந்த சாட்சி," என்றான் வால்.

காப்பாளர் முணுமுணுப்பதை நிறுத்தினார். மாஸ்டரின் கை தாடிக்குப் போனது.

அண்ணி நடுச் சுவருக்கு வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தகட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். தகட்டைத் தலைகீழாகத் திருப்பினாள். இரண்டடி பின்னால் போனாள். இன்னும் அரை அடி. சுவரில் இருந்த படம் தகட்டின் ஜன்னலுக்குள் பெட்டிக்குள் மூடி உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. மேடு மேட்டோடு, பள்ளம் பள்ளத்தோடு, மூலைப் பல் பல்லோடு.

"நீங்களும் பாருங்க," என்று காப்பாளரிடம் நீட்டினாள். அவர் பார்த்தார். வாங்கித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எங்க அப்பாவோட தகடு," என்றாள் நூலகர்.

மாஸ்டர் சிரித்தார். "அதுக்கென்ன இப்போ? அவன்தான் எனக்கு பிரிண்ட் போட்டான், நானே ஒத்துக்கிறேன். படம் எடுத்தது நான். இஸ்திரி போட்டவன் அவன். இஸ்திரிக்காரன் சட்டைக்குச் சொந்தம் கொண்டாட முடியுமா? அந்தச் சுவரைப் பாரும்மா, என் மலை, என் கப்பல், அதுலயும் இதே பல்தான் இருக்கும்."

இருந்தது. இடது சுவரின் படங்களிலும் அதே மேடு, அதே பல். நூலகர் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். துடைத்து முடிக்காத ஈர நாற்காலி. அவள் கவனிக்கவில்லை.

அண்ணி மட்டும் இடது சுவருக்கும் நடுச் சுவருக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"மாஸ்டர், அந்த ஆலைக்குள்ள எப்படிப் போனீங்க?"

"விசேஷ அனுமதி வாங்கி, மூணு வாரம். அந்தப் பெண்களோட நம்பிக்கையைச் சம்பாதிக்கணும் இல்லையா."

"நல்லாவே சம்பாதிச்சிருக்கீங்க. பன்னிரண்டு படத்துலயும் ஒருத்தியும் துணியைச் சரி பண்ணிக்கல, தலையை ஒதுக்கிக்கல. உங்களை மாதிரி ஒருத்தர் கேமராவோட வந்து நின்னா நான் காலையாவது மடக்கிக்குவேன். இவ காலை நீட்டிக்கிட்டு உங்களைப் பாத்து நாக்கைத் துருத்துறா." அண்ணி ஒரு படத்தின் மேல் ஓரத்தைக் காட்டினாள். "அது கிடக்கட்டும். கறுப்புக் கோட்டுக்கு ரெண்டு பக்கம் உண்டு. வெளிப்பக்கம் தகடு போட்டது. உள்பக்கம், அதாவது படம் முடியற விளிம்பு, அது யார் போட்டது?"

மாஸ்டர் படத்தை நெருங்கிக் குனிந்து பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"கேமரா போட்டது," என்று அண்ணியே சொன்னாள். "கேமராவுக்குள்ள பிலிமுக்கு முன்னாடி ஒரு ஜன்னல் இருக்கு. அந்த ஜன்னலோட விளிம்புதான் இது. இங்க பாருங்க, மேல் ஓரம், வலது பக்கமா. கறுப்பு, படத்துக்குள்ள எள்ளு அளவுக்குக் கடிச்சிருக்கு. பன்னிரண்டுலயும் அதே இடம். உங்க மலையில இல்ல. கப்பல்ல இல்ல."

காப்பாளர் ஒவ்வொரு படத்துக்கும் மூக்கைக் கொண்டுபோனார். பிறகு யாரும் சொல்லாமலே கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பளபளவென்று ஒரு கேமரா, 'இந்தப் பன்னிரண்டு படங்களையும் எடுத்த கருவி' என்ற அட்டையோடு. பின்மூடியைத் திறந்தார். ஜன்னலின் நாலு விளிம்பும் கத்தியால் வெட்டியதுபோல இருந்தன.

"வேற கேமராவா இருந்திருக்கும்," என்றார் மாஸ்டர். "என்கிட்ட எத்தனையோ இருந்துச்சு."

"யோசிச்சு வைங்க," என்றாள் அண்ணி. "நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

*

நூலகரின் வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. கூடத்தில் ஒரு தையல் இயந்திரம், அதன்மேல் பொத்தான் வைக்காத சட்டைகள் ஒரு குவியல். ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களைப் பார்த்து, "தண்ணி குடிங்க," என்று சொம்பைக் காட்டிவிட்டு மறுபடி ஊசியைப் பிடித்தாள். மகள் அவளைத் தாண்டி உள்ளே போய், அப்பா வீட்டில் வைத்திருந்த சொந்தக் கேமராவோடு ஓடி வந்தாள்.

அண்ணி அதைத் திறந்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். விளிம்பை விரல் நுனியால் சுற்றித் தடவினாள்.

"சுத்தமா இருக்கு," என்றாள்.

"சரியா பாருங்க."

"சரியாத்தான் பாத்தேன். அந்தப் படங்களை உங்க அப்பா இதுல எடுக்கல."

மகள் சுவரில் சாய்ந்தாள். "அப்போ அந்த ஆள் சொன்னது உண்மையா? எங்க அப்பா வெறும் இஸ்திரிதானா?"

அண்ணி கொழுந்தனின் பக்கம் திரும்பினாள். "வாலு, இன்னைக்குக் காலையில நீ ஏன் லேட்டு?"

"இப்போ அதுவா முக்கியம் அண்ணி? எங்க வீட்ல விடல. பரணைச் சுத்தம் பண்ணிக் குடுத்துட்டுப் போங்கன்னு ஒரே பிடிவாதம்."

"யார் பிடிவாதம்? கதவா, ஜன்னலா?"

"என்ன அண்ணி, எங்க வீட்லன்னா என் பொண்..." வால் பாதியில் நிறுத்தினான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டான்.

தையல் ஊசி நின்றிருந்தது.

"உங்க அப்பாவுக்கு மயக்கமும் இல்ல, குழறலும் இல்ல," என்றாள் அண்ணி மகளிடம். "பக்கத்துப் படுக்கை ஆள்கிட்ட, கல்யாணம் ஆன ஆம்பளைங்க பேசுற மாதிரிதான் பேசியிருக்கார். எங்க வீட்ல எடுத்தது. எங்க வீட்ல சமைச்சாங்க, எங்க வீட்ல திட்டினாங்க, எங்க வீட்ல எடுத்தாங்க. வார்த்தையைச் சரியா கேட்ட நீங்க, ஆளைத்தான் விட்டுட்டீங்க." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "அக்கா, உங்க கேமராவைக் கொஞ்சம் காட்டுங்க," என்றாள்.

அம்மா நூலைக் கடித்து அறுத்தாள். தைத்த சட்டையை மடித்து வைத்தாள். தையல் இயந்திரத்தின் இழுப்பறையிலிருந்து, துணியில் சுற்றிய ஒரு மலிவான பிளாஸ்டிக் கேமராவை எடுத்து அண்ணியின் கையில் கொடுத்தாள்.

பின்மூடியின் விளிம்பெல்லாம் சிவப்பாக ஏதோ தடவியிருந்தது. உள்ளே, ஜன்னலின் கீழ் விளிம்பில், இடது பக்கமாக, எள்ளு அளவில் ஒரு சிவப்புச் சொட்டு உறைந்திருந்தது.

"படத்துல மேல, வலது பக்கம் இல்ல இருந்துச்சு?" என்றான் வால்.

"கேமராவுக்குள்ள படம் தலைகீழா விழும்."

"மூடி வழியா வெளிச்சம் கசிஞ்சுது," என்றாள் அம்மா. "இவளோட நகப்பூச்சைத்தான் எடுத்துப் பூசினேன். காலியாயிடுச்சுன்னு அன்னைக்கு அழுதா."

மகள் கேமராவை வாங்கிச் சிவப்புச் சொட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சாப்பாட்டுப் பையில வெச்சுத்தான் கொண்டுபோவேன். இடைவேளையில எடுப்பேன். அவங்களுக்கும் பிடிச்சுது, ஆளுக்கு ஒரு காப்பி கேட்டாங்க, தரேன்னு சொன்னேன். ஒரு ஞாயித்துக்கிழமை உங்கப்பா ஸ்டுடியோவில பிரிண்ட் போட்டுக் காயப்போட்டிருக்கார். அந்த மனுஷன் வந்து பாத்துட்டு, என் காகிதம், என் மருந்து, என் இருட்டு, அதனால என் படம்னு நெகட்டிவோட எடுத்து வெச்சுக்கிட்டாராம்."

"இருட்டுக்குக்கூடப் பட்டா வெச்சிருக்காரு," என்றான் வால்.

"கேக்கப் போனா வேலை போயிடும்னு உங்கப்பா பயந்தார். நீ அப்போ காலேஜ் சேந்திருந்தே. விடுங்கன்னுட்டேன். அது நடந்து ஒன்பது வருஷம் ஆச்சு. அவர் படுத்த பிறகுதான் அந்த ஆளுக்குப் படத்தை வெளியே எடுக்கத் தைரியம் வந்திருக்கு. நீயானா அப்பா எடுத்தது, அப்பா எடுத்ததுன்னு எல்லார்கிட்டயும் சண்டை போட்டே. செத்த மனுஷனுக்கு ஒரு பேர் வந்தா வரட்டுமேன்னு இருந்தேன்." அம்மா சட்டைக் குவியலை ஓரமாக நகர்த்தினாள். "நீயும் என்னைக் கேக்கல."

கேட்டதில்லை. மகள் முகம் கழுவப் போகிறவள்போல உள்ளே போனாள், தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

"உங்களுக்கு என்ன வேணும் அக்கா?" என்றாள் அண்ணி.

"நெகட்டிவ்," என்றாள் அம்மா. செருப்பைத் தேடினாள்.

*

மூன்றே முக்காலுக்குக் கூடம் நிறைந்திருந்தது. காப்பாளர் கேமராவை வாங்கித் திறந்து, சிவப்புச் சொட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியாக மாஸ்டரைப் பார்த்தார்.

"கடன் வாங்கின கேமராவா இருக்கும்," என்றார் மாஸ்டர். விருந்தினர்களுக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "கருவி யாருடையதா இருந்தா என்ன? பார்வை என்னுடையது. இந்தப் பெண்களோட ஒவ்வொரு மூச்சும் எனக்குத் தெரியும்."

அம்மா முதல் படத்தின் முன்னால் போய் நின்றாள். "இவளுக்கு அன்னைக்குக் காய்ச்சல். லீவு தரல, அதான் தூங்குறா. வாய் திறந்திருக்கிறதை எடுத்தேன்னு ஒரு வாரம் என்கிட்ட பேசல." அடுத்ததற்கு நகர்ந்தாள். "இவ கைக்குள்ள மூடி வெச்சிருக்கிறது ஊசி உடைஞ்ச துண்டு. மேற்பார்வையாளர் பாத்தா திட்டுவார்." அடுத்தது. "நாக்கைத் துருத்துறது உங்களைப் பாத்து இல்ல. நான் லென்ஸ் மூடியைக் கழட்டாமலே எடுக்கப் பாத்தேன், அதுக்கு." திரும்பி மாஸ்டரைப் பார்த்தாள். "இதுல ஒருத்தியைப் பத்தி நீங்க ஒண்ணு சொல்லுங்க."

மாஸ்டர் நடுச் சுவரைப் பார்த்தார். பன்னிரண்டு படங்களில் இருந்த முகம் ஒன்றுகூட அவருக்கு உதவவில்லை. நாற்காலி வரிசையில் யாரோ இருமினார்கள்.

"நான் இல்லேன்னா," என்றார் கடைசியில், "இதெல்லாம் உன் பெட்டியில கிடந்து பூச்சி தின்னிருக்கும்."

"தின்னிருக்கும்," என்றாள் அம்மா. "தின்னுட்டுக் கீழ கையெழுத்துப் போட்டிருக்காது."

முன்வரிசையில் தொடங்கிய சிரிப்பு பின்வரிசைக்குப் போய்ச் சேருவதற்குள் மாஸ்டர் வாசல் பக்கம் நகர்ந்திருந்தார். அவருக்கு வழிவிட்டவர்கள் அவசரமாக விட்டார்கள்.

காப்பாளர் பேனாவை மூடினார். படங்களோடு ஒப்படைப்பதற்காக மேஜைமேல் வைத்திருந்த நெகட்டிவ் உறையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். பிறகு, தயாரித்து வைத்திருந்த உரையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "அட்டையில் என்ன பெயர் எழுதட்டும்?" என்று கேட்டார்.

"என் பேரை எழுதுங்க. கறுப்பு ஓரம் என் வீட்டுக்காரர் ராவின தகட்டுல வந்தது, அதையும் எழுதுங்க. ஆனா இன்னைக்கு இல்ல. லைட்டை அணைச்சுக் கதவைப் பூட்டிடுங்க."

"விருந்தினர்கள் வந்திருக்கிறார்களே."

"ஞாயித்துக்கிழமை ஆலைக்கு லீவு. அன்னைக்குப் படத்துல இருக்கிற இவங்களைக் கூட்டிட்டு வரேன். முதல்ல அவங்க பாக்கட்டும், அப்புறம் ஊர் பாக்கட்டும்."

காப்பாளர் ஒரு நொடி தயங்கிவிட்டு விளக்குச் சுவிட்சுகள் இருந்த பக்கம் நடந்தார். தயங்கிய அந்த ஒரு நொடிக்காக அண்ணி அவரைப் பார்த்த பார்வையில் இரண்டு சுவிட்சுகளை ஒரே நேரத்தில் அணைத்தார்.

வெளியே படியிறங்கும்போது மகள் வேகமாக வந்து அம்மாவின் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். தூக்கிக்கொண்டு வரலாம் என்று பைக்குக் கை நீட்டினாள். அம்மா பையைக் கொடுக்கவில்லை. நெகட்டிவ் உறை அதில் இருந்தது. பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, காலியான கையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.